வாய்மொழி வமிசமும் ஏட்டு வமிசமும்
‘வேர்கள்’, கோணேசர் கல்வெட்டு ஆகியன பற்றிய ஓர் ஒப்புநோக்கு

ஒரு குடும்பம் தன் முன்னோரை அறிந்துகொள்ளும் வழிகள் இரண்டு. பாட்டி சொன்னதைப் பேரன் கேட்டு மனத்திற் கொள்ளுதல் ஒன்று. அரசு தன் தேவைக்காக எழுதிவைத்த ஏட்டைப் புரட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டில் எது நம்பத்தக்கது என்பது பலகாலம் கேட்கப்பட்டுவரும் வினா. வாய்மொழியை வெறுங்கதையெனத் தள்ளுவோரும், ஏட்டை ஆள்வோரின் கைச்சரக்கெனப் புறக்கணிப்போரும் நம்மிடையே உளர். ஒவ்வொன்றும் யாருடைய தேவைக்காகத் தோன்றிற்று என்பதை முதலில் தெளிந்து, பின்னர் ஒன்றை மற்றொன்றால் சோதித்தலே தக்க முறை என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனை விளக்குதற்பொருட்டு, தொடர்பற்றவை போலத் தோன்றும் இரு நூல்கள் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, அலெக்ஸ் ஹேலி 1976 இல் வெளியிட்ட ‘வேர்கள்’. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்னும் சுருக்க வடிவில் அதனைப் படித்தோர் பலர். மற்றையது, திருகோணமலையின் கோணேசர் கல்வெட்டு.

அமெரிக்கக் குடும்பமொன்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆட்பெயர் தாங்கிய குடிசன மதிப்பு ஏடுகள் அந்நாட்டில் 72 ஆண்டுகள் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. ஆகவே, சாதாரண குடும்பமொன்றை ஏட்டின் துணைகொண்டு பின்னோக்கித் தொடரும் முயற்சியின் வலிமையும் வரம்பும் அங்கே தெளிவாகப் புலப்படும்.

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது குடிசன மதிப்பு 1790 இல் எடுக்கப்பட்டது. மாநிலங்களுக்குரிய பிரதிநிதிகளின் தொகையை வகுப்பதே அதன் தலையாய நோக்கம். அந்நோக்கத்துக்குக் குடும்பத் தலைவரின் பெயரும் ஏனையோரின் எண்ணிக்கையும் போதுமாயிருந்தன. அடிமைகள் ஐவர் மூவராகக் கணிக்கப்பட்டமை அந்நாட்டு அரசியலமைப்பின் ஏற்பாடாகும். 1850 இலேயே சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் ஏறிற்று. அவ்வாண்டிலும் 1860 இலும் அடிமைகளுக்கெனத் தனி ஏடு வைக்கப்பட்டது. அதில் உடைமையாளனின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் என்பன நிரலாக இருக்கும். அடிமையின் பெயரோ பெரும்பாலும் இராது. விடுதலை பெற்றோர் யாவரும் பெயரோடு எண்ணப்பட்டது 1870 இலேயாகும். குடும்பத் தலைவருக்கு இன்ன உறவினர் எனக் குறிக்கும் பத்தி 1880 இற்றான் சேர்க்கப்பட்டது. 1890 ஆம் ஆண்டின் ஏடுகளிற் பெரும்பகுதி 1921 இல் நேர்ந்த தீயினால் அழிந்தது. ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கர் ஒருவர் தம் மூதாதையரைத் தேடிச் செல்லுங்கால் 1870 என்னும் மதிலில் முட்டிக்கொள்வதன் காரணம் இதுவே.

ஹேலி அம்மதிலண்டை வந்தபோது நிகழ்ந்ததை அவருடைய நூலே எடுத்துரைக்கிறது. வட கரோலைனாவின் அலமன்ஸ் மாவட்டத்துக்குரிய 1870 ஆம் ஆண்டு ஏட்டில் டொம் மறே என்னும் கருமானையும், ஐரீன் என்பாளையும், ஆறு வயதினளாகிய எலிசபெத் உள்ளிட்ட பிள்ளைகளையும் அவர் கண்டார். டெனசியின் ஹெனிங் என்னும் ஊரில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாட்டியும் அவருடைய உறவுப் பெண்களும் பேசக் கேட்ட பெயர்களே அவை. பாட்டி சிந்தியா அப்போது பிறந்திருக்கவில்லையாதலால் அவ்வேட்டில் அவர் பெயர் இல்லை.

இவ்விடம் ஊன்றி நோக்கத்தக்கது. 1870 ஆம் ஆண்டு ஏட்டில் உறவுமுறை குறிக்கும் பத்தி இல்லை என மேலே கண்டோம். ஒரு வீட்டில் இன்னின்னார் இருந்தனர் என்பதற்கு மேல் அவ்வேடு எதுவும் கூறாது. இவன் தந்தை, இவள் தாய், இவள் மகள் என அந்நிரலைக் குடும்பமாக்கியது திண்ணைப் பேச்சே. அப்பேச்சுக்குக் காலமும் இடமும் தந்து கதையினின்று வரலாற்றுக்கு உயர்த்தியது ஏடு. ஒன்று மற்றொன்றால் நிறைவுபெறும் அரிய தருணம் அது. ‘வேர்கள்’ என்னும் நூலின் மெய்யான சாதனை இப்பகுதியிலேயே உள்ளது என்பது எமது கருத்து.

ஆனால் நூலுக்குப் புகழ் தேடித்தந்தது வேறொரு பகுதி. 1870 இற்கு அப்பால் ஏடு மௌனமாகிவிட, ஹேலி வாய்மொழியை மட்டும் துணைக்கொண்டு கம்பியாவின் ஜூஃபுரே கிராமம்வரை செல்கிறார்; அங்கே முதியவர் ஒருவர் சொன்ன குலமரபுக் கதையில் குந்தா கிந்தேயைக் காண்கிறார்; 1767 இல் அனபொலிஸ் துறையை அடைந்த ‘லோட் லிகோனியர்’ கப்பலில் அவன் வந்தான் என முடிவுசெய்கிறார்; வேர்ஜினியாவில் வோலர் குடும்பத்தின் அடிமையாயிருந்த டோபி என்பவனே அவன் என்கிறார். வம்சவழி ஆய்வாளரான கரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் ஆகிய இருவரும் 1981 இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிவை வேர்ஜினியாவின் ஏடுகளோடு ஒப்பிட்டது. வோலர் குடும்பத்தின் டோபி 1762 இலேயே, அதாவது கப்பல் வருவதற்கு ஐந்தாண்டு முன்னரே, ஆவணங்களில் இடம்பெற்றுள்ளான். அவனுடைய மகள் எனப்படும் கிஸி பிறந்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே அவன் ஏடுகளினின்றும் மறைந்துவிடுகிறான். கம்பியாவின் முதியவர் மரபுவழிப் பயிற்சிபெற்ற குலக்கதைஞர்தானா என்ற ஐயமும் 1977 இலேயே எழுப்பப்பட்டது.

இதனால் ஹேலியைப் பொய்யரெனத் தூற்றுதல் முறையன்று. உண்மையும் புனைவும் கலந்த ஆக்கம் இது என அவரே கூறியுள்ளார். பெயரின்றி எண்ணப்பட்ட கோடிக்கணக்கானோருக்கு ஒரு பெயர் கிடைத்தது என்ற அளவில் அந்நூலின் சமூகப் பயன் பெரிது. ஆயினும், தமக்கு வேண்டிய விடையை முன்னரே அறிந்தவராய்ச் சென்றமையின், சான்று தந்தவரை வினாவுதற்கு அவர் தவறினார். பெயர் ஒத்திருப்பது ஆள் ஒத்திருப்பதற்குச் சான்றாகாது. இப்பாடம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று.

இனி எமது மண்ணுக்கு வருவோம். கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, கல்லில் வெட்டிய சாசனமன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய நூலாகும். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் அமைத்ததும், தமிழகத்தினின்றும் குடிகளை வரவழைத்து அவர்களைக் கோயிற்பணிக்கு நியமித்ததும் அதிற் கூறப்படுகின்றன. தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் எவ்வெத் தொழும்புக்கு உரியர், எவ்வெவ் வரிசைக்கு உரியர், தவறினால் நேரும் கேடு யாது என்பன விரிவாக வகுக்கப்படுகின்றன. திருகோணமலைப் பகுதியின் பழங்குடிகள் பலர் தம் பூர்விகத்தை இந்நூலோடு இணைத்தே கூறுவர். அவ்வகையில் இது எமது பிரதேசத்தின் பொது வமிசாவளி எனலாம்.

‘வேர்கள்’ பற்றி எழுப்பிய வினாக்களையே இந்நூலிடமும் எழுப்புதல் தகும். முதலாவது, காலம் பற்றியது. நூல் குளக்கோட்டனைக் கலியுகம் பிறந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுசெல்கிறது. திருகோணமலைக் கோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட வடமொழிச் சாசனமோ சோழகங்கன் என்பவனின் வருகையைச் சக ஆண்டு 1145 இல், அதாவது கி.பி. 1223 இல் வைக்கிறது. இவ்விருவரையும் ஒருவராகக் கருதும் ஆய்வாளர் உளர். அக்கருத்தை ஏற்பின், கல்வெட்டு நூல் தன் நாயகனை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்தள்ளிவைத்துள்ளது என்பது வெளிப்படை. கப்பலுக்கு ஐந்தாண்டு முன்னரே தோன்றிய டோபியின் முரண்பாடு இதனோடு ஒப்பிடச் சிறிதேயாம். எனினும் காலம் பிழையென்பதால் செய்தி முழுவதும் பிழையாகிவிடாது. தொன்மை மிகுதியாகக் கூறுவதால் உரிமை வலுப்பெறும் என்ற நோக்கே அவ்வாண்டெண்ணைப் படைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இரண்டாவது, நோக்கம் பற்றியது. அமெரிக்க ஏடு பிரதிநிதித் தொகைக்காக மனிதரை எண்ணிற்று. கோணேசர் கல்வெட்டு கோயிற்கடனுக்காகக் குடிகளை வகுத்தது. ஏடு வேண்டாதவரின் பெயரை விட்டது. கல்வெட்டு தனியாளையே விட்டுக் குழுவை நிறுத்திற்று. குழுக்கள் எவை, அவற்றின் கடமை எது என்பதை அந்நூலிலிருந்து அறியலாம். ஒரு குடும்பத்தின் தந்தை, மகன், பேரன் என்னும் நிரலை அதிலிருந்து பெறல் இயலாது. அதனைக் கொண்டு இன்றைய ஒருவர் தம் குலத்தை நேர்கோட்டில் இழுத்துவருவாராயின், அவர் ஹேலி செய்ததையே செய்கிறார்.

அவ்வாறாயின் எமக்கெனப் பேரேடு இல்லையா? இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் எடுக்கப்பட்டது. ஆனால் வெளியிடப்பட்ட அறிக்கைகள் ஊரையும் இனத்தையும் சமயத்தையும் தொழிலையும் தொகைகளாகவே தருவன. ஆட்பெயரை அவற்றிற் காண்டல் அரிது. ஒல்லாந்தர் காலத்துத் தலைத்தோம்பு, காணித்தோம்பு என்பனவும், தேவாலயங்களின் திருமுழுக்கு ஏடுகளும், 1867 இன் பின் வந்த பிறப்பு இறப்புப் பதிவுகளும், காணி உறுதிகளும் பெயர் தருவன. அடிமைமுறை 1844 இல் ஒழிக்கப்படுமுன், அடிமைகளின் பெயர்களைப் பதியுமாறு பிரித்தானியர் சட்டம் வகுத்திருந்தனர் என்பதும் நினைவுகூரத்தக்கது. ஒடுக்கப்பட்டோரின் பெயர், அவர்களை உடைமையாக எண்ணிய ஏட்டிலேயே எஞ்சுவது அமெரிக்காவில் மட்டும் கண்ட விந்தையன்று.

ஆயின் பெயர் கிடைத்தபின்னும் எமக்கொரு தனி இடர்ப்பாடு உண்டு. மேனாட்டுக் குடும்பத்தைத் தொடர்வதற்குக் கயிறாக உதவுவது குடும்பப் பெயர். எமது மரபில் அது இல்லை. திருகோணமலை தந்த பேரறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும், 1895 இல் ‘மோகனாங்கி’ என்னும் நாவலை வெளியிட்ட அவர் தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் ஒரே முதலெழுத்துகளைத் தாங்கினர். ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தை தம்பிமுத்துப்பிள்ளையையும் குறித்தன. அடுத்த தலைமுறையில் தந்தையின் எழுத்து மாறிவிடும். மூன்றாவது தலைமுறையில் பாட்டனைக் காட்டும் அடையாளம் ஏட்டில் எதுவும் எஞ்சாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் ஓரளவு துணைசெய்யும்; அதுவே ஒருவரை மற்றொருவராக மயங்கவும் செய்யும்.

குடும்பப் பெயர் வந்தடைந்த இடத்திலும் மயக்கம் தீரவில்லை. 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த அமெரிக்க மிஷன், தன் விடுதிப் பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகளுக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களைச் சூட்டிற்று. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றிய ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் பெயர்களை நோக்குக. கறோல் என்பதை மட்டும் பற்றிக்கொண்டு ஒருவர் பின்னோக்கிச் செல்வாராயின், யாழ்ப்பாணத்துத் தமிழரின் பாட்டனை அமெரிக்காவில் தேட நேரும். பெயர் இரத்த உறவைக் காட்டாது, நிறுவனத்தின் உறவைக் காட்டும் இடம் இது. அதனையும் வரலாறாக வாசிக்கத் தெரிதல் வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டுப் புலமைக்குரிய செய்திகள் என எண்ணுதல் தவறு. 1981 இன் பின் முழுமையான குடிசன மதிப்பு திருகோணமலை மாவட்டத்தில் 2012 இலேயே நிறைவேறிற்று. இடைப்பட்ட முப்பத்தோராண்டுகள் போரும் இடப்பெயர்வும் நிறைந்தவை. 1990 இல் மாவட்டத்தினின்றும் பலர் கடல் கடந்து தமிழகம் சென்றனர். அங்கே பிறந்த பிள்ளைகள் தம் உரிமையை நிலைநாட்டப் பெற்றோரின் பிறப்புப் பத்திரம் வேண்டப்படுகிறது. 26 டிசம்பர் 2004 இல் எழுந்த ஆழிப்பேரலை, சாம்பல்தீவுக்கு அயலிலுள்ள சல்லி முதலிய கரையோர ஊர்களில் உயிர்களோடு பெட்டிகளிலிருந்த உறுதிகளையும் பத்திரங்களையும் கொண்டுசென்றது. ஏடு நீரோடு போனபின் வாய்மொழியே சான்றாகிறது. அவ்வாய்மொழியைச் சோதித்து நிலைநிறுத்தும் முறை தெரியாதவிடத்து, மெய்யான உரிமையும் வெறுங்கதையெனத் தள்ளப்படும்.

இத்தகைய ஊர்களில் வாய்மொழிக்குத் துணைநிற்கும் சான்றுகள் வேறும் உள. கோயில் திருவிழா உபயம் எக்குடும்பத்துக்கு எந்நாளில் என்னும் முறை தலைமுறை தலைமுறையாக வருவது. கரைவலைப் பாட்டின் பங்கு தந்தையிடமிருந்து மக்களுக்கும், சீதனவழியே மருமக்களுக்கும் செல்வது. கோணேசர் கல்வெட்டு குடிகளை வகுத்தது போலவே இவையும் கடமையையும் பங்கையும் பற்றியவை. ஆயினும் இவை குடும்பத்தைப் பெயரோடு நிறுத்துவன. சீதனம், தாய்வழி உறவு என்பவற்றைப் பெண்களே நினைவில் வைத்திருப்பராதலின், முதலிற் கேட்கப்படவேண்டியவர் அவர்களே. ஹெனிங் திண்ணையிற் பேசியவர்களும் பெண்களே என்பது கருதத்தக்கது.

ஹேலியின் நூலில் நாம் கொள்ளவேண்டியது அலமன்ஸ் ஏட்டின் பக்கம். தள்ளவேண்டியது ஜூஃபுரேயின் எளிதான முடிவு. கோணேசர் கல்வெட்டிற் கொள்ளவேண்டியது குடியும் கடமையும் பின்னிய சமூக அமைப்பு. தள்ளவேண்டியது கலியுகக் கணக்கு. எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள், கிராமந்தோறும் முதியோரின் கூற்றுகளை இன்னார் சொன்னது, இன்ன நாளிற் சொன்னது என்ற குறிப்போடு எழுதி, கிடைக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டு, முரண்பட்ட இடங்களை முரணாகவே விட்டுவைக்கும் பணியை மேற்கொள்ளல் வேண்டும். பெருமைக்காக எழுதப்படும் வமிசாவளிகள் எமக்குப் போதிய அளவு உண்டு. சோதனைக்குத் தாங்கும் வமிசாவளிகளே இனி வேண்டப்படுவன.