சாவடிக்காரரே புறவழி விற்றால்

இணைய இணைப்பு தரும் நிறுவனமே, படங்களைப் பயனாளருக்கு அருகில் சேமித்து வைத்து அனுப்பும் சிடிஎன் சேவையும் நடத்தினால் எல்லோருக்கும் ஆதாயம் என்ற பேச்சு தொலைத்தொடர்பு வட்டாரத்தில் இப்போது பலமாகக் கேட்கிறது. டாடா கம்யூனிகேஷன்ஸ் 2011இல் பிட்கிராவிட்டியை வாங்கித் தன் சிடிஎன் தொழிலை விரித்தது. ஏர்டெல் தன் பெயரிலேயே அந்தச் சேவையை விற்கிறது. யாராவது ஆட்சேபித்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: 2017 நவம்பரில் இணையச் சமநிலை, அதாவது தரவில் பாகுபாடு கூடாது என்ற விதி, குறித்துப் பரிந்துரை செய்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், சிடிஎன்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டதே! யாருடைய பாக்கெட்டையும் நிறுத்தி வைக்கவில்லை, படத்தை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம், அதில் பாகுபாடு எங்கே என்பது அவர்கள் வாதம்.

பக்கத்தில் வைப்பதன் பலனை மறுக்க முடியாது. கொல்கத்தாவில் கடலடி கேபிள் எதுவும் கரையேறவில்லை. சென்னையிலோ மும்பையிலோ இறங்கும் தரவு நீண்ட தரைவழிப் பாதையில் வந்து சேர வேண்டும். ரவீந்திர சரோவருக்குத் தெற்கே, லேக் கார்டன்ஸில் மாடிக்கு மாடி தொங்கும் ஃபைபர் வழியாக ஒரு வீட்டுக்குப் படம் போகிறது என்றால், அது ஊருக்குள்ளேயே படங்களைச் சேமித்து வைத்திருக்கும் கேஷ் பெட்டியிலிருந்து போவதுதான் சிக்கனம். 2023 நவம்பர் 19 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். கேஷ் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் கேஷ் பெட்டியின் பலன் வேறு, அதை யார் விற்பது என்பது வேறு. 1998இல் தொடங்கப்பட்ட அகமாய் இதே வேலையைச் செய்துவருகிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் பெட்டியைத் தகுதியுள்ள இணைய நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. இவர்கள் இருவர் கையிலும் பயனாளர் வீட்டு வாசல் இல்லை. இணைய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. லேக் கார்டன்ஸ் வீட்டுக்காரர் இரண்டு மூன்று நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவருக்குப் படம் அனுப்பும் தளத்துக்கு அந்தத் தேர்வு கிடையாது. அவர் எந்த நிறுவனத்தை எடுத்தாரோ அதன் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

சுங்கச்சாவடி நடத்துபவரே பக்கத்தில் புறவழிச்சாலை போட்டுக் காசு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவடியில் வரிசை குறைந்தால் அவருக்கு நஷ்டம். இணைய நிறுவனமும் அப்படித்தான்: மற்ற வலைகளோடு சேரும் வெளி இணைப்புகளை விரிவாக்கச் செலவாகும். விரிவாக்காமல் விட்டால் சிடிஎன் வாடிக்கையாளர் கிடைப்பார். யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை, எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

கொல்கத்தாக்காரர்கள் இதன் சிறு வடிவத்தைப் பார்த்தவர்கள். 2010களில் உள்ளூர் நிறுவனங்கள் சிலவற்றின் திட்டப் பட்டியலில் இணைய வேகம் ஒன்று, அதைப் போலப் பல மடங்கு ‘பியரிங்’ வேகம் இன்னொன்று என்று இருக்கும். உள்ளே சேமித்திருப்பது பறக்கும், மற்றது நடக்கும். இன்று அந்த இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன, ஆகவே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாலையில் படம் நின்று நின்று ஓடுகிறது என்று புகார் செய்தால், வரும் பையன் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவார். 100 எம்பிபிஎஸ் வரும். சோதனை சர்வர் அதே நிறுவனத்தின் ரேக்கில் இருந்தால் வராமல் என்ன செய்யும்?

இது வெறும் சந்தேகம் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். 2014 தொடக்கத்தில் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸின் சராசரி வேகம் சுமார் 1.5 எம்பிபிஎஸ். பிப்ரவரியில் நேரடி இணைப்புக்குப் பணம் தர நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டது. மார்ச்சில் வேகம் 2.5ஐத் தொட்டது. வாடிக்கையாளர் வீட்டு ஒயர் மாறவில்லை, திட்டம் மாறவில்லை. வாசலில் காசு விழுந்தது, அவ்வளவுதான். தென்கொரியாவில் வலைக் கட்டணச் சுமை தாளாமல் நேரலைத் தளமான ட்விச் 2024 பிப்ரவரியில் கடையைக் கட்டியது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே பத்து மடங்கு செலவு என்றது அந்த நிறுவனம். ட்விச் அமேசானுடையது, அதற்கே தாங்கவில்லை என்றால், சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் தமிழ்க் காணொளித் தளம் எந்த மூலைக்கு?

இத்தனைக்கும் நேர்மையான போட்டியில் இந்தத் தொழில் இணைய நிறுவனங்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்ததில்லை. ஒரு நிறுவனத்தின் வலைக்குள் மட்டும் ஓடும் சிடிஎன், உலகம் முழுக்கப் பார்வையாளர் வைத்திருக்கும் தளத்துக்கு அரைக் கிணறுதான். அமெரிக்க இணைய நிறுவனமான வெரைசன் 2013 டிசம்பரில் எட்ஜ்காஸ்ட் என்ற சிடிஎன்னை வாங்குவதாக அறிவித்தது. 2021இல் தன் ஊடகப் பிரிவோடு சேர்த்துக் கைகழுவியது. பிறகு லைம்லைட் என்ற இன்னொரு சிடிஎன்னோடு இணைந்து எட்ஜியோ ஆன அது 2024 செப்டம்பரில் திவால் மனு போட்டது. சேவையின் தரத்தால் மட்டும் பிழைப்பது அவ்வளவு கடினம். அப்படிப்பட்ட தொழிலில் லாபம் வருகிறது என்று ஒரு இணைய நிறுவனம் சொன்னால், அந்த லாபம் வாசலிலிருந்து வருகிறதா என்று கேட்கத்தான் வேண்டும். இந்தியாவில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது: இணைய இணைப்பு தரும் ஜியோவும், 2024 நவம்பரில் உருவான, ஓடிடி தளம் நடத்தும் ஜியோஸ்டாரும் ஒரே ரிலையன்ஸ் குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

ட்ராய் விலக்கு கொடுத்தபோது சிடிஎன் என்ற தொழில்நுட்பத்தைப் பார்த்தது. அதை விற்பவரின் இடத்தைப் பார்க்கவில்லை. இரவு ஏழு முதல் பதினொன்று வரை தங்கள் வெளி இணைப்புகள் எவ்வளவு நிரம்புகின்றன என்பதை சிடிஎன் விற்கும் ஒவ்வொரு இணைய நிறுவனமும் மாதந்தோறும் வெளியிடட்டும். தன் குழுமத்து ஓடிடிக்கும் வெளியாருக்கும் ஒரே விலைதானா என்பதையும் வெளியிடட்டும். இரண்டையும் காட்ட மறுக்கும் நிறுவனத்துக்கு 2017இன் விலக்கு எதற்கு?