ஆட்டோகிளேவ்: வேகம் மட்டும்தானா?

சிமென்ட் சாந்தை ஆட்டோகிளேவ் என்னும் மூடிய எஃகுக் கலனில் வைத்து, சுமார் 180 டிகிரி செல்சியஸில், வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு அழுத்தமுள்ள நீராவியில் சில மணி நேரம் வேகவைத்தால், 28 நாள் தண்ணீர் விட்டுப் பெறும் வலிமை மறுநாளே கிடைத்துவிடும். இந்த வேகத்துக்காகவே இம்முறை பெரிதும் பாராட்டப்படுகிறது. ஆனால் 28 நாள் வேலையை ஓர் இரவுக்குள் சுருக்குவதோடு நீராவி நிற்பதில்லை. சாந்தை வேறொரு பொருளாகவே மாற்றிவிடுகிறது. அதன் நிறைகுறைகள் எல்லாம் இந்த மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

சாதாரண வெப்பத்தில் சிமென்ட்டும் நீரும் சேரும்போது கூழ் போன்ற கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் உருவாகிறது; மணலைப் பிணைத்து நிற்பது அதுதான். வெறும் சிமென்ட்டையும் சாதாரண மணலையும் உயர் அழுத்த நீராவியில் வைத்தால், இந்தக் கூழ் அடர்த்தி மிகுந்த படிகமாக மாறிச் சுருங்குகிறது. இடையே துளைகள் பெருகி, வலிமை குறைகிறது. பிணைப்புப் பொருளில் 30 முதல் 40 சதவீதம் வரை நன்கு அரைத்த குவார்ட்ஸ் தூள் இருந்தால் நிலைமை மாறும். சாந்தில் தனித்து நிற்கும் சுண்ணாம்போடு அத்தூளின் சிலிக்கா வினைபுரிய, டோபர்மோரைட் என்னும் உறுதியான படிகம் விளைகிறது. உலர்சுருக்கம் ஏறக்குறையப் பாதியாகிறது. சல்பேட் அரிப்பைத் தாங்கும் திறன் கூடுகிறது. சுவரில் உப்புப் பூப்பதும் அடங்குகிறது. எனவே வெற்றி நீராவிக்கு மட்டும் உரியதன்று, கலவைக்கும் உரியது.

இவ்வளவு நீராவிக்கு எரிபொருள் வீணாகாதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் குவார்ட்ஸ் தூள் இடம்பிடிக்கும் அளவுக்குச் சிமென்ட் மிச்சமாகிறது. அந்தச் சிமென்ட்டுக்கு மூலமான கிளிங்கர் என்னும் கட்டிகளைச் சுட 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஆகவே கொதிகலனின் செலவை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்க முடியாது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. இப்படி வெந்த பொருள் எளிதில் நொறுங்கும் தன்மையுடையது. கம்பியோடு அதன் பிடிப்பு ஏறக்குறையப் பாதியாகலாம். சுண்ணாம்பு செலவாகிவிடுவதால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையும் குறைகிறது. பிரிட்டனில் 2023 ஆகஸ்டு இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடவைத்தது, கம்பி வைத்து ஆட்டோகிளேவில் பதமாக்கிய இலேசான கான்கிரீட் பலகைகள் பற்றிய அச்சம். ஈரக்கசிவும், பலகை முனைகளுக்குப் போதிய தாங்கிடம் இல்லாததுமே அங்கே காரணம், நீராவி அல்ல என்று வாதிடலாம். அதில் உண்மையுண்டு. ஆனால் கம்பிப் பிடிப்பும் காரப் பாதுகாப்பும் இயல்பாகவே குறைந்த பொருள், அத்தகைய தவறுகளைப் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே சென்னை, கோவை அடுக்குமாடிகளில் சுவராக எழும் ஏஏசி (ஆட்டோகிளேவில் பதமாக்கிய இலேசான கான்கிரீட்) பிளாக் போன்ற கம்பியில்லாப் பொருள்களுக்கு இம்முறை மிகப் பொருத்தம். வளைவைத் தாங்கும் கம்பியுள்ள பாகங்களுக்கோ, வேகத்தை மட்டும் காரணமாகச் சொல்லி இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.