மெழுகுவத்தியும் மேசையும்

மேசை சுழல்கிறது! சுற்றி அமர்ந்தோர் அதன்மீது கைகளை மெல்ல வைத்திருக்கின்றனர். தள்ளவில்லை, இழுக்கவில்லை என்று ஆணையிட்டுக் கூறுகின்றனர். ஆயினும் மேசை அசைகிறது, நகர்கிறது, சுற்றுகிறது. ஆவி வந்துவிட்டது என்கிறார் ஒருவர். மின்சாரத்தின் வேலை என்கிறார் மற்றொருவர். பூமி சுழல்கிறதல்லவா, அதனால்தான் மேசையும் சுழல்கிறது என்று விளக்கம் தருகிறார் விவரம் தெரிந்தவர். இது சாத்தானின் சேட்டை என்று பதறுகிறார் பக்திமான்.

படிப்பு வாசனை அறியாத பட்டிக்காட்டில் நடந்ததன்று இது. புகைவண்டியும் தந்தியும் வந்துவிட்ட இலண்டன் மாநகரில், 1853-ஆம் ஆண்டில், சீமான்களும் சீமாட்டிகளும் நடத்திய கூத்து! படித்தவரைப் பிடிக்காத மடமை என்று ஒன்று உலகில் உண்டோ?

அந்த மேசைக்கு முன் ஒருவர் வந்து அமர்ந்தார். சீறவில்லை, சிரிக்கவில்லை. சில அட்டைகள், சிறிது மெழுகு, ஒரு வைக்கோல் துரும்பு — இவை போதும் என்றார். அவர் மைக்கேல் ஃபாரடே. இன்று நம் வீட்டு விளக்கெரிய மின்சாரம் தரும் இயந்திரங்களுக்கெல்லாம் மூலமான உண்மையை 1831-இல் கண்டறிந்தவர்.

விஞ்ஞான முறையை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் நூல் எது என்று கேட்டால், அறிந்தோர் பலரும் ஃபாரடேயின் 'மெழுகுவத்தியின் இரசாயன வரலாறு' என்ற நூலைச் சுட்டுவர். 1861-இல் வெளிவந்த அந்நூலின் சிறப்பை நானும் ஒப்புகிறேன். ஆயினும் அதை மட்டும் படிக்கும் மாணவன் பாதி வழியில் நின்றுவிடுவான். மேசை பற்றி அவர் 1853-இல் ஏடுகளுக்கு எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் பாதையும் தெரியும். இதனை நிலைநாட்டுவதே என் நோக்கம்.

முதலில் நூலைப் பார்ப்போம். இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்க்கென விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடந்து வந்தன. 1827-க்கும் 1860-க்கும் இடையே பத்தொன்பது தொடர்களை ஃபாரடே ஒருவரே நிகழ்த்தினார். மெழுகுவத்தியைப் பொருளாகக் கொண்டு 1848-இல் ஒருமுறை பேசினார். 1860-61-இல் மீண்டும் ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்னது நூலாயிற்று.

ஒரு மெழுகுவத்திக்கு ஆறு சொற்பொழிவா? ஆம். அங்கேதான் ஆசிரியரின் ஆற்றல் விளங்குகிறது. அணைத்தவுடன் எழும் புகைக்கோட்டில் நெருப்பைக் காட்டுகிறார். திரியைத் தொடாமலே தீ தாவிப் பற்றுகிறது. சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயொன்றை நுழைக்கிறார். மறுமுனையில் வெளிவரும் ஆவியைக் கொளுத்துகிறார். அங்கே இன்னொரு சுடர்! எரிவது திரியன்று, உருகிய மெழுகின் ஆவியே என்பது கண்முன் நிற்கிறது. சுடருக்கு மேலே குளிர்ந்த கலத்தைப் பிடிக்கிறார். நெருப்பிலிருந்து நீர்த்துளி பிறக்கிறது. எரிந்த காற்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்துகிறார். நீர் பாலாய் வெளுக்கிறது. பிறகு தன் மூச்சையே அந்நீரில் விடுகிறார்; அதுவும் வெளுக்கிறது. மெழுகுவத்தியும் மனிதனும் ஒரே கரியமில வாயுவை வெளியிடும் உண்மையைக் குழந்தை தன் கண்ணாலேயே காண்கிறது.

"நம்பு" என்று எங்கும் சொல்லவில்லை. "பார்" என்கிறார், "ஏன் என்று கேள்" என்கிறார். ஆசிரியர் பீடத்திலிருந்து அருள்வாக்குப் பொழியும் நம் பள்ளிகளின் போக்குக்கு இந்நூல் சாட்டையடி.

பேசியவர் யார் என்பதும் கருதத்தக்கது. கொல்லன் மகன் அவர். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்காக வந்த ஏடுகளைக் கற்பதற்காகவும் புரட்டினார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டு கொடுத்ததால் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க முடிந்தது. கேட்டதைக் குறிப்பெடுத்து, தன் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அங்கேயே உதவியாளரானார். பிறப்பு உயர்த்தவில்லை, பட்டம் உயர்த்தவில்லை. உழைப்பும் ஐயமும் உயர்த்தின. ஆனால் அந்த நுழைவுச்சீட்டு கிடைக்காதிருந்தால்? கிடைக்காமற் போன கொல்லன் மக்கள் எத்தனை பேரோ! மெழுகுவத்திச் சொற்பொழிவுகளும் கட்டணம் செலுத்தியோர்க்கு உரியவையே. ஏழை வீட்டுக் குழந்தைக்கு எரியும் மெழுகுவத்தி கிடைத்தது, அதனை விளக்கும் சொற்பொழிவு கிடைக்கவில்லை. இது காலத்தின் குறை.

நூலின் குறை வேறொன்று. ஆறு சொற்பொழிவுகளிலும் ஆசிரியருக்கு விடை முன்பே தெரியும்! ஒவ்வொரு சோதனையும் சொன்ன சொல் தவறாமல் வெற்றி பெறுகிறது. கேட்கும் சிறுவன் வியக்கிறான், கை தட்டுகிறான். ஆனால் "நான் நினைத்தது தவறு" என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்கு ஒருமுறையும் வரவில்லை. கண்டுபிடித்ததைக் காட்டுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு.

ஃபாரடேயின் சொந்த ஆராய்ச்சிக் குறிப்பேடுகளோ வேறு கதை சொல்கின்றன. எண்ணிட்டு எழுதப்பட்ட பத்திகள் பதினாறாயிரத்துக்கும் மேல்! அவற்றில் தோல்விகளும் உண்டு. புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டென்று அவர் உறுதியாக நினைத்தார், சோதித்தார், ஒன்றும் கிட்டவில்லை. கிட்டவில்லை என்பதையே 1850-இல் ராயல் சொசைட்டியின் முன் அறிவித்தார். இந்த ஃபாரடேயை மெழுகுவத்தி நூல் நமக்குக் காட்டவில்லை.

நம் பள்ளிக்கூடச் சோதனைச்சாலையை எண்ணிப் பாருங்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று ஏட்டில் அழகாக எழுதுகிறான் மாணவன். முடிவை எப்போது எழுதுகிறான்? சோதனைக்கு முன்பே! கணக்கு ஒத்து வராவிட்டால் அளவைத் திருத்துகிறான், ஐயத்தை வளர்ப்பதில்லை. மந்திரம் ஓதுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? மொழி மாறிற்று, முறை மாறவில்லை.

இனி மேசைக்கு வருவோம். ஃபாரடே முதலில் செய்தது எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்தது! கண்ணாடி, களிமண், ஈயத்தாள், அட்டை, இரப்பர், மரம் முதலியவற்றை ஒன்றாய்க் கட்டி, மேசைக்கும் கைகளுக்கும் இடையே வைத்தார். மேசை வழக்கம்போல் சுழன்றது. இந்தப் பொருள்கள் அந்தச் சக்தியைத் தடுக்கவில்லை என்பதை அமர்ந்தோரே ஒப்பினர். பின்னர், "உமது கருவி தடுத்துவிட்டது" என்று சொல்லும் வழி அடைபட்டது. வாதத்தில் வெல்ல விரும்புவோன் எதிரியின் வழியைக் கூச்சலால் அடைப்பான். உண்மையை விரும்புவோன் சோதனையால் அடைக்கிறான்.

அடுத்து, வழுக்கும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இடையிடையே மெழுகும் டர்பன்டைனும் கலந்த மென்பசை உருண்டைகளை வைத்தார். விடாது தள்ளினால் மெல்ல இளகும் பசை அது. அட்டைகள் இருந்த நிலையைக் கீழ்ப்புறத்தில் பென்சில் கோட்டால் குறித்துக்கொண்டார். மேசையே தானாக நகர்ந்து கைகளை இழுத்திருந்தால், கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும். கைகள் தள்ளியிருந்தால், மேல் அட்டை முந்தியிருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது முந்தியிருந்தது மேல் அட்டை! கை முன்னே சென்றது, மேசை பின்னே வந்தது.

இறுதியாகத் துரும்பு. கை சிறிது தள்ளினாலும் சாய்ந்து காட்டும்படி நீண்ட துரும்பொன்றை முள்ளாகப் பொருத்தினார். முள்ளை மறைத்து வைத்தால் கைகள் தள்ளின. முள் கண்ணில் படும்படி வைத்தாலோ, மேசை அசையவே இல்லை! தள்ளுகிறோம் என்பதைக் கண்டதும் தள்ளுவது நின்றது. ஆவி ஓடிற்று, அதனை விரட்டியது ஒரு துரும்பு!

தோழர்களே, இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமர்ந்தவர்களைப் பொய்யர் என்று ஃபாரடே கூறவில்லை. அவர்கள் நேர்மையாளர், தாம் தள்ளவில்லை என்றே மெய்யாக நம்பினர். தன் விருப்பமே தன் கையைத் தள்ளுவதை மனிதன் உணர்வதில்லை. ஆகவேதான் நேர்மை மட்டும் போதாது, கருவி வேண்டும்; நம்பிக்கையற்றவர்க்கும் வேண்டும்!

இதற்குச் சான்று அந்த மெழுகுவத்தி நூலிலேயே உள்ளது. அதனைப் பதிப்பித்தவர் வில்லியம் குரூக்ஸ். தாலியம் என்னும் தனிமத்தை 1861-இல் கண்டறிந்த பெரும் விஞ்ஞானி. அவர்தாம் 1870-களில் ஆவி அழைப்போரை ஆராயப் புகுந்து, அவர்கள் காட்டியதை மெய்யென்று ஏற்றார்! ஃபுளாரன்ஸ் குக் என்ற பெண் வரவழைத்த 'ஆவி' உண்மையே என்று 1874-இல் எழுதினார். 1880-இல் நடந்த வேறோர் அமர்வில், அப்பெண் வரவழைத்த 'ஆவி'யை ஒருவர் எட்டிப் பிடித்தார். பிடிபட்டது அந்தப் பெண்ணே! மெழுகின் ஆவியை ஆராய்ந்த நூலைப் பதிப்பித்த கை, இருட்டறை ஆவிக்கு நற்சான்றும் எழுதிற்று. அறிவு குறைந்ததாலா? இல்லை. இருட்டையும் திரையையும் வகுத்தவர் ஆராயப்பட்டவரே. துரும்பை வைக்க இடமில்லை.

ஃபாரடேயும் குறையற்றவரல்லர். சாண்டிமானியர் என்னும் சிறு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பக்தர் அவர். மேசைச் சோதனைக்கு மறு ஆண்டு, 1854-இல், மனத்தைப் பழக்குவது பற்றி அரிய சொற்பொழிவொன்று நிகழ்த்தினார். விருப்பம் தீர்ப்பைக் கெடுக்கும், தன்னைத் தானே திருத்துவதே கல்வி என்று அதில் வலியுறுத்தினார். ஆனால் மத நம்பிக்கையை மட்டும் அந்த ஆய்வுக்கு அப்பாற்பட்டதென ஒதுக்கி வைத்தார். எல்லா அறைகளிலும் விளக்கேற்றியவர் ஓர் அறையை மட்டும் பூட்டிவிட்டார். இங்கே நாம் அவரிடமிருந்து மாறுபடுகிறோம், மறைக்காமல் மாறுபடுகிறோம். ஆயினும் பக்தர் கண்ட சோதனை நின்றது, விஞ்ஞானி தந்த நற்சான்று வீழ்ந்தது. சொன்னவர் யார் என்பதைப் பாராமல், சோதித்தது எப்படி என்பதைப் பார்ப்பதன்றோ பகுத்தறிவு?

நம் நாட்டிலும் துரும்பு ஒருமுறை வேலை செய்தது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. டில்லியில் மத்திய அரசின் விஞ்ஞானப் பரப்புக் குழுவினர் பாலில் நிறம் கலந்து கரண்டியை நீட்டினர். பால் கரண்டியின் விளிம்பிலிருந்து இழுக்கப்பட்டுச் சிலைமீது மெல்லிய படலமாய் வழிந்தது நிறத்தால் தெரிந்தது. வெண்பாலில் தெரியாதது வண்ணப்பாலில் தெரிந்தது. ஏச்சுக்கு இறங்காத பிள்ளையார் ஒரு சிட்டிகை நிறத்துக்கு இறங்கினார்!

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் 51-ஏ பிரிவு சேர்ந்தது. சட்டம் சேர்ந்தது; சோதனைச்சாலை ஏட்டில் முடிவு இன்னமும் முன்கூட்டியே எழுதப்படுகிறது. அதனை ஆசிரியர் மாற்றட்டும். விடை தெரியாத வினா ஒன்றையேனும் ஆண்டுக்கொரு முறை மாணவன் கையில் கொடுக்கட்டும். வந்த அளவு ஒத்து வராவிட்டாலும் அப்படியே எழுதியவனுக்கு முழு மதிப்பெண் அளிக்கட்டும்.

நாமும் மாற வேண்டும். "விஞ்ஞானம் சொல்கிறது" என்று மேடையில் முழங்கும் இளைஞன், எந்தச் சோதனை, எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் விழிப்பானாகில், அவன் வேதத்தை விடவில்லை, வேறு வேதம் எடுத்தான். எதிரியின் கைக்குக் கீழே அட்டை வைக்கும் நாம், நம் கைக்குக் கீழேயும் ஒன்று வைப்போம். நாம் விரும்பும் முடிவு வரும்போதுதான் நம் கை அதிகமாகத் தள்ளும்.

மன்றந்தோறும் மெழுகுவத்தி நூலைப் படியுங்கள். அடுத்த வாரம் ஒரு மேசையைப் போடுங்கள். அட்டைகளை அடுக்குங்கள், துரும்பை நிறுத்துங்கள். ஆவியை நம்புகிறவரை அழைத்து அமர்த்துங்கள். பக்கத்திலே நீங்களும் அமருங்கள். முள் யார் பக்கம் சாய்கிறதென்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.