சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: துண்டுத்துணிப் போர்வையின் அழகியல்

கலை விமர்சனம் என்றதும் நம் பல்கலைக்கழக மாணவர் நினைவுக்கு வருவன கவிதை, நாவல், நாடகம், கூத்து என்பனவே. வீட்டின் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் போர்வை ஒன்று விமர்சனத்திற்குரிய பொருளாகும் என்று நாம் எண்ணுவதில்லை. தையல் பெண்களின் கைவேலை எனவும், கந்தல் வறுமையின் அடையாளம் எனவும் கொள்ளப்பட்டமை இதற்குக் காரணமாகலாம். துண்டுத்துணிகளை இணைத்து, முன்வரைந்த மாதிரி எதுவுமின்றி, மிகச் சில நிறங்களையும் பரந்த வெற்றிடத்தையும் கொண்டு அமைக்கப்படும் போர்வையை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. வன்னிப் பெருநிலப்பரப்பில் நின்று கேட்கும்போது இவ்வினா அழகியலின் எல்லையைக் கடந்துவிடுகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடப் புதிய கலைச்சொற்களை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலைக் கூறுகின்றது. பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் குன்றக் கூறலைக் கூறுகின்றது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்; இரண்டிலும் சொற்கள் குறைவு. எனினும் ஒன்று அழகாகவும் மற்றையது குற்றமாகவும் கொள்ளப்படுகின்றது. சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தல் வைக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. சொல்லப்படாதது கேட்போன் உள்ளத்தில் நிறைவு பெறுமாயின் அது சுருக்கம். சொல்லவேண்டியது சொல்லப்படாமற் போயின் அது குன்றல். இவ்வேறுபாடு துணிக்கும் பொருந்தும் என்பது என் துணிபு.

முதலில் இவ்வகைப் போர்வையின் ஆக்கமுறையைச் சுருக்கமாகக் காண்போம். மேற்றுணி, நடுவே பஞ்சோ பழந்துணியோ, கீழ்த்துணி என மூன்று அடுக்குகள் ஊடுதையலால் ஒன்றாக்கப்படுகின்றன. மேற்றுணியை அமைப்பதிலேயே கற்பனைக்கு இடமுண்டு. அளவுகோலின்றிக் கத்தரிக்கப்பட்ட இரு துண்டுகள் இணைக்கப்படுகின்றன; அவை சேர்ந்து தரும் வடிவமே மூன்றாவது துண்டு எதுவெனத் தீர்மானிக்கின்றது. நம் இசை மரபில் இதற்கு நல்லதொரு பெயர் உண்டு: மனோதர்மம். இராகத்தின் எல்லையை மீறாமல், முன்னரே எழுதிவைக்காத ஒன்றை அக்கணத்தில் ஆக்குவது ஆலாபனை. அதுபோலவே இங்கும் துணியின் அளவும் நிறமும் எல்லையாகின்றன. எந்த இடத்தில் நிறுத்துவது என்பது தைப்பவரின் தீர்ப்பாகின்றது.

பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை வெப்பமான வன்னியின் பழைய மரபு எனச் சொல்வதற்கில்லை. ஆயினும் பழஞ்சீலையை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பதும், சீலையை ஏணையாகக் கட்டுவதும் நம் வீடுகள் அறிந்தவையே. ‘கந்தை’ என்னும் நம் சொல்லும், பழந்துணியில் ஊடுதையலிடும் வங்காளத்துக் ‘காந்தா’வும் வடமொழிக் ‘கந்தா’ என்னும் ஒரே சொல்லோடு தொடர்புடையவை. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வை ஓரத்திலே தொடங்கி நடுவை நோக்கிச் செல்கின்றது. பௌத்த விநய நூல்களில் ஒரு செய்தி உண்டு: மகத நாட்டு வயல்களையும் வரம்புகளையும் கண்ட புத்தர், அவ்வாறே சீவர ஆடையை அமைக்க இயலுமா என ஆனந்தரைக் கேட்க, அவர் துண்டுகளை இணைத்து அமைத்துக் காட்டினார். குப்பையிற் பொறுக்கிய துணியும் அவ்வாடைக்கு உரியதாயிற்று. விரும்பி ஏற்ற வறுமையின் வடிவம் அது. வன்னியின் சிறுகுளங்களின் கீழ் நிலத்தின் சாய்வுக்கேற்ப வளைந்து செல்லும் வரம்புகளைப் பார்த்தவர்க்கு இவ்வுவமையின் பொருத்தம் எளிதில் விளங்கும்.

துண்டுத்துணிப் போர்வை உலகக் கலை விமர்சனத்தின் கவனத்தைப் பரவலாகப் பெற்றமைக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் ஊர் சிறந்த சான்று. அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கு தைத்த போர்வைகள் 2002இல் ஹியூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூ யோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நியூ யோர்க் ரைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மெல்மன் அவற்றை நோக்குகையில் மத்தீஸ், கிளே ஆகிய ஓவியர்களை நினைவுகூர்ந்தார். இப்பாராட்டில் உண்மையுண்டு; ஆபத்தும் உண்டு. மிசூரி பெற்வே என்பவர் 1942இல் தைத்த போர்வை, இறந்த கணவரின் வேலையுடுப்புகளைக் கொண்டு அமைந்தது. அதனை அரூப ஓவியமாக மட்டும் காண்பவன் இறந்தவனை மறக்கிறான். துயரத்தின் ஆவணமாக மட்டும் காண்பவன், சாயம்போன நீலத்தருகே எந்தத் துண்டை வைப்பது என்று தீர்மானித்த கலைஞரை மறக்கிறான். நம்மிடையே சமூகவியல் விமர்சனமும் அழகியல் விமர்சனமும் நெடுங்காலம் நிகழ்த்திய விவாதத்தின் இரு முனைகளும் இங்கு ஒரே போர்வையின்மேல் வந்து நிற்கின்றன.

இனி வன்னிக்கு வருவோம். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நான் கண்ட போர்வையை எடுத்துக்கொள்கிறேன். அதன் முக்காற்பங்கு பாடசாலைச் சீருடைகளின் பழைய வெள்ளை. ஒரு பக்கமாக, ஆடைத் தொழிற்சாலைக் கழிவாக வந்த சாம்பல்நிறத் துண்டுகள் மூன்று பட்டைகளாக இறங்குகின்றன. நடுப்பட்டை சற்றே சாய்ந்திருக்கிறது. கீழ்மூலையில் விரலகலத்திற்குச் சிவப்புச் சீலைக்கரை ஒன்று. அவ்வளவே. வெள்ளையும் ஒரே வெள்ளையன்று. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு அளவு பழுத்திருப்பதனால், நோக்கும்தோறும் அதனுள்ளே வரம்புகள் தோன்றுகின்றன. சிவப்பு போதவில்லையோ என அதைத் தைத்த மூதாட்டியிடம் கேட்டேன். “கிடந்ததுதான் பிள்ளை, பை நிறையக் கிடந்தது. இன்னும் வைச்சால் கத்தும். அதாலை வைக்கேல்லை” என்றார்.

இப்பதில் ஒரு விமர்சனக் கோட்பாட்டையே தருகின்றது. பையில் எஞ்சிய துண்டுகளே அப்போர்வையின் வெற்றிடத்திற்குச் சாட்சி. இருந்தும் வைக்காமல் விட்டமையால் அது சுருங்கச் சொல்லலாயிற்று. எஞ்சிய துணி இல்லாதவிடத்தும் இக்கோட்பாடு வலுவிழப்பதில்லை. மிசூரி பெற்வேயிடம் வேறு துணி இருந்ததோ இல்லையோ, ஒரு துண்டை இங்கு வைக்காது அங்கு வைக்கும் உரிமை அவரிடம் இருந்தது. மறுப்பதற்கு ஒன்றேனும் உள்ளவிடத்திற் கலை தொடங்குகின்றது எனலாம்.

இதற்கு மறுதலையான காட்சியையும் வன்னி கண்டுள்ளது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரத்தின் ஒடுங்கிய நிலத்துண்டில் அகப்பட்ட மக்கள், பதுங்குகுழிகளுக்கு மண்மூடை அடுக்கச் சாக்குகள் இன்றித் தம் சீலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தனர். கூறைச்சீலைகளும் பட்டுச்சீலைகளும் மணலால் நிரம்பின. பலநிறச் சீலைகள் அடுக்கிய அம்மூடைகளின் நிழற்படத்தை இன்று பார்ப்பவன் அதில் நிறக்கோலம் ஒன்றைக் காணக்கூடும். அவ்வாறு காண்பது விமர்சனமாகாது. அங்கு எந்நிறமும் தேர்ந்தெடுக்கப்படவில்லை, எத்துணியும் மறுக்கப்படவில்லை. மனிதர்மீது சுமத்தப்பட்ட குறையை அவர்களது எளிமையென வியப்பது, குன்றக் கூறலைச் சுருங்கச் சொல்லலென மயங்குவதாகும். குறையைச் சுமத்தியவர்களும் அவ்வியப்பில் மறைந்துவிடுவர்.

போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. அளவுக்கணக்கில் நிமிடத்தை எண்ணித் தைக்கும் வேலை அங்கு நிகழ்கின்றது. அங்கு மனோதர்மத்திற்கு இடமில்லை. இத்தகைய தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் கால்மிதிகளாகவும் பைகளாகவும் விரிப்புகளாகவும் மீண்டும் பெண்கள் கையில் உருப்பெறுகின்றன. ஜீஸ் பெண்டிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்திற்காகத் தலையணை உறைகள் தைத்த அப்பகுதிப் பெண்கள், மிஞ்சிய கோர்டுரோய்த் துண்டுகளால் தம் சிறந்த போர்வைகள் சிலவற்றை ஆக்கினர். அன்றாட வேலையின் மிச்சத்திலிருந்து தமக்கெனச் சிறிது சுதந்திரத்தை வெட்டியெடுத்தனர் எனலாம்.

வன்னிப் பெண்களின் கைவேலை சந்தைக்கு வரும்போது அதனோடு தைத்தவரின் துயரக்கதையும் சேர்த்து விற்கப்படுவதுண்டு. வாங்குபவர் இரக்கத்திற்கே விலை கொடுக்கிறார். சாய்ந்த நடுப்பட்டையை அவர் பார்ப்பதில்லை. வருவாய் தேவையானதே, அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் இரக்கம் மட்டுமே அளவுகோலாகும்போது நல்ல போர்வைக்கும் அலட்சியமாகத் தைத்த போர்வைக்கும் வேறுபாடு இல்லாமற் போகின்றது. இது தைத்தவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி. துணியையும் நூலையும் ஊடகமாகக் கொண்டு வீடு, இடப்பெயர்வு ஆகியவற்றைப் பேசும் ஹேமா ஷிரோனி போன்றோரின் ஆக்கங்களைக் கலைக்கூடத்திற் கூர்ந்து நோக்கும் நாம், கிராமத்து மூதாட்டியின் தையலையும் அதே கூர்மையோடு நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எனவே, இத்தகைய போர்வையை மதிப்பிடும்போது விமர்சகன் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும். தைத்தவர் முன் என்னென்ன துணிகள் இருந்தன? அவற்றுள் எதனை அவர் விலக்கினார்? விலக்கியதன் விளைவாக எஞ்சியது விளங்குகின்றதா? முதல் வினா வரலாற்றுக்குரியது, இரண்டாவது கலைஞருக்குரியது, மூன்றாவது நமக்குரியது. மூன்றையும் ஒருங்கே கேட்குமிடத்து வறுமையும் மறைக்கப்படாது, வனப்பும் மறுக்கப்படாது. கந்தைக்கு இலக்கணம் எழுதுவது மிகையென எண்ணுவோர் இருக்கலாம். தன் பையில் எஞ்சிய சிவப்பை மீண்டும் முடிந்து வைத்த அம்மூதாட்டி, அவ்விலக்கணத்தை எழுதாமலே கடைப்பிடித்தார். அதனைக் கண்டு கூறுவது கற்றோர் கடன்.