மென்கனின் தொட்டியும் நகரும் தீவும்

1917 டிசம்பர் 28. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கி எட்டு மாதங்களுக்கு மேலாகிவிட்டது. ஜெர்மானிய வம்சாவளியினரான அமெரிக்கப் பத்திரிகையாளர் எச். எல். மென்கன் போரைப் பற்றி மனதில் பட்டதை எழுத முடியாத நிலை. அதனால் 'நியூயார்க் ஈவினிங் மெயில்' நாளிதழில் குளியல் தொட்டியைப் பற்றி எழுதினார். நாட்டின் முதல் குளியல் தொட்டிக்கு 75 வயது நிறைந்துவிட்டது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லையே என்பது அவருடைய ஆதங்கம். அந்தக் கட்டுரையில் இருந்த தகவல் முழுக்கப் புளுகு.

சின்சினாட்டி நகரத்து ஆடம் தாம்சன் என்ற பருத்தி, தானிய வியாபாரி இங்கிலாந்து போய்வந்த இடத்தில் தொட்டிக் குளியலுக்குப் பழகுகிறார். ஊர் திரும்பி, 1842 டிசம்பர் 20 அன்று தன் வீட்டிலேயே ஒன்றை அமைக்கிறார். மகோகனி மரம், உள்ளே ஈயத் தகடு, எடை சுமார் 1,750 பவுண்டு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர்களும் இறங்கிப் பார்க்கிறார்கள். செய்தி பரவுகிறது. வாத சுரம் வரும், நுரையீரல் வீங்கும் என்று மருத்துவர்கள் மிரட்டுகிறார்கள். மருத்துவர்கள் மிரட்டியதால் ஃபிலடெல்ஃபியா நகரசபையில் குளிர்காலக் குளியலுக்குத் தடை கோரும் தீர்மானம் வருகிறது. இரண்டே வாக்கில் தோற்கிறது. வர்ஜீனியா தொட்டிக்கு ஆண்டுக்கு 30 டாலர் வரி போடுகிறது. பாஸ்டனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் குளிப்பது குற்றம். கடைசியில் ஜனாதிபதி மில்லார்ட் ஃபில்மோர் 1851இல் வெள்ளை மாளிகையிலேயே தொட்டி வைக்க, எதிர்ப்பு அடங்குகிறது.

அண்டப்புளுகு ஆகாசப்புளுகு என்று நாம் சொல்வது ஒன்றையொன்று மிஞ்சும் புளுகுகளை. மென்கனுடையது வேறு ஜாதி. இங்கே ஒரு பொய் முந்தைய பொய்யை மிஞ்சுவதில்லை. முந்தையது எழுப்பும் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தொட்டி வந்தது, பிறகு? எதிர்த்தார்கள். எதிர்த்தார்கள், பிறகு? சட்டம் கொண்டுவந்தார்கள். வாசகருடைய கவனம் இந்தச் சங்கிலியின் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே உள்ள பொருத்தத்தைச் சோதிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. முதல் கண்ணி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்க்க நேரமில்லை.

இதில் நான் மிகவும் வியப்பது அந்த இரண்டு வாக்குகளைத்தான். தடை நிறைவேறியது என்று எழுதியிருந்தால் யாராவது சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். தோற்றுப்போன தீர்மானத்துக்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை. அதோடு, வெறுமனே தோற்றது என்றால் வதந்தி போல இருக்கும். இரண்டு வாக்கில் தோற்றது என்றால் யாரோ கை எண்ணியிருக்கிறார்கள் என்று தோன்றும். பாஸ்டன் விஷயத்தில் மட்டும் மென்கன் அசட்டையாக ஒரு முழுச் சட்டத்தையே இயற்றிவிட்டார். அதையும் தேடிப் போனவர்கள் அதிகமில்லை.

இவ்வளவு கச்சிதமான வேலைப்பாட்டின் குறை எங்கே இருக்கிறது? அது வாசகருக்கு ஏற்கெனவே பிடித்த கதை என்பதில். புதுமை வருகிறது, படித்த மேதாவிகள் உளறுகிறார்கள், அரசாங்கம் வரி போடுகிறது, துணிந்த ஒருவர் வழி திறக்கிறார். முன்னேற்றம் என்றால் இப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. மென்கன் அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய நினைத்திருக்கலாம். கேலி எங்கே என்று சொல்லும் ஒரு வரிகூடக் கட்டுரைக்குள் இல்லை. விளைவு: 1926 மே மாதம் அவரே 'சிகாகோ ட்ரிப்யூன்' முதலிய இதழ்களில் அத்தனையும் கட்டுக்கதை, போர்க்காலத்தில் ஒரு விளையாட்டு என்று எழுதினார். அந்த ஒப்புதலை வெளியிட்ட 'பாஸ்டன் ஹெரால்ட்' சில வாரங்கள் கழித்து அதே தொட்டிக் கதையை மெய்ச் செய்தியாகப் போட்டது. துருவப் பயணி வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன், இந்தப் பொய் எங்கெல்லாம் போய்த் தங்கியது என்று தேடித் தொகுத்து 1936இல் ஒரு நூலில் எழுதினார். அதற்குப் பிறகும், 1952இல் ஜனாதிபதி ட்ரூமன் ஃபிலடெல்ஃபியாவில் பேசும்போது ஃபில்மோரின் தொட்டியை இழுத்தார். வெள்ளை மாளிகைக்குக் குழாய்த் தண்ணீர் 1833இலேயே, ஜாக்சன் காலத்தில் வந்துவிட்டது. பாவம் ஃபில்மோர், இன்று அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஞாபகம் வருவது அவர் வைக்காத தொட்டிதான்.

இதே கலையைப் பழுதில்லாமல் செய்தவர்கள் 'கார்டியன்' நாளிதழ்க்காரர்கள். 1977 ஏப்ரல் 1 அன்று சான் செரிஃப் என்ற தீவு நாட்டின் பத்தாவது சுதந்திர ஆண்டையொட்டி ஏழு பக்கச் சிறப்பிதழ் வெளியிட்டார்கள். அரைப்புள்ளி வடிவில் இரண்டு தீவுகள். ஒன்று அப்பர் கேஸ், மற்றது லோயர் கேஸ். தலைநகர் போடோனி, ஆட்சியாளர் ஜெனரல் பைக்கா. எல்லாமே அச்சுத் தொழில் சொற்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர்கள் முதல் பத்தியிலேயே சிரித்திருப்பார்கள். பழகாதவர்களில் சிலர் பயண முகவர்களிடம் டிக்கெட் விசாரித்தார்கள்.

முதலில் தீவுகளை அட்லாண்டிக்கில், டெனரிஃப் பக்கம் வைத்திருந்தார்கள். மார்ச் 27 அன்று டெனரிஃப் விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதிப் பெருந்துயரம் நடந்ததால் கடைசி நேரத்தில் நாட்டையே இந்தியப் பெருங்கடலுக்குத் தூக்கிவந்தார்கள். வந்த இடத்தில் இன்னொரு பொய் முளைத்தது: மேற்குக் கரையைக் கடல் அரிக்க, அந்த மண் கிழக்குக் கரையில் சேர, ஆண்டுக்கு 1.4 கிலோமீட்டர் வீதம் தீவுகள் இலங்கையை நோக்கி நகர்கின்றன, ஒருநாள் மோதும். மென்கன் விட்டது இதைத்தான். சங்கிலி நீள நீள, அதன் கடைசிக் கண்ணி தன் பாரத்தாலேயே அறுந்து விழுகிறது. அதுவரை நம்பிவந்தவரும் நகரும் தீவைப் பார்த்ததும் திரும்பிப் போய் முதல் வரியைப் படிப்பார்.

பிபிசி 1957 ஏப்ரல் 1 அன்று காட்டிய ஸ்பகெட்டி மரங்களையும் இந்த வகையில் சேர்ப்பார்கள். மிதமான குளிர்காலம், வண்டு ஒழிந்தது, அதனால் சுவிட்சர்லாந்தில் அமோக விளைச்சல். நயமானதுதான், ஆனால் அதில் பாதி வேலையை ஒளிபரப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பியின் கம்பீரக் குரலும், ஸ்பகெட்டியை அவ்வளவாக அறியாத அன்றைய பிரிட்டனும் செய்துவிட்டன. சங்கிலிக்கு அங்கே பெரிய வேலையில்லை.

சங்கிலியே இல்லாத பொய் எப்படி இருக்கும் என்பதற்கு 2008இல் நடந்தது ஒன்று. அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்ற விலங்கைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் அழைக்கப்படும் எனச் சேர்த்துவிட்டார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு. கோவாட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. பிறகு அந்தப் பத்திரிகைகளே விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்கு ஆதாரமாகின. வாலைக் கவ்விய பாம்பு. இதில் கற்பனையும் இல்லை, சிரிப்பும் இல்லை. மென்கனிடம் ஆயிரம் குறை கண்டாலும், அவருடைய பொய்யைக் குடைந்தால் வரலாறு எழுதும் பாணியைப் பற்றி ஏதோ ஒன்று கிடைக்கும். இதைக் குடைந்தால் ஒரு மாணவரின் குறும்பைத் தவிர எதுவும் கிடைக்காது.

ஃபில்மோரோடு நிறுத்தியதுதான் மென்கன் செய்த பிழை என்பேன். இன்னும் இரண்டு கண்ணி போதும். ஃபில்மோரின் மந்திரிசபை தொட்டிக்குள்ளேயே கூடியது; எட்டாவது மந்திரிக்கு இடம் போதாததால்தான் விவசாயத் துறை தொடங்குவது தள்ளிப்போனது; தண்ணீர் ஆறிப்போனால் கூட்டம் கலைந்ததாகப் பொருள் என்று அரசியல் சட்டத்தில் திருத்தம் வந்தது. அப்படி எழுதியிருந்தாலும் நம்புகிறவர் நம்பியிருப்பார். ட்ரூமன் மட்டும் அதை மேடையில் சொல்லியிருக்க மாட்டார்.