ரூபாயின் சிக்கலும் தண்ணீர்ப் பானையும்

பொருளாதாரம் எண்களைக் கையாளும் இயல் என்றும், எண்களுக்குச் சாதியோ இனமோ பாலோ இல்லை என்றும் கூறுவது கற்றோரிடையே வழக்கம். இக்கூற்று பாதி உண்மையே. கூட்டலிலும் கழித்தலிலும் சாதி இல்லைதான். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கணக்கில் சேர்க்காது விடுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பது வேறொரு வினா. டாக்டர் அம்பேத்கர் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' என்னும் நூலைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே நம் நோக்கமாகும்.

பாப்பாரப்பட்டி போன்றதொரு சிற்றூரில் ஆயர் பணி செய்வோர்க்கு நாணயக் கொள்கை பற்றிய நூல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி நிலத்தை விட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி தேடிச் செல்லும் மக்களிடையே பணி செய்கிறோம். விலை உயரும்போது கூலியும் உடன் உயருகிறதா என்பது இவர்தம் அன்றாட வினா. அந்நூலின் வினாவும் ஏறத்தாழ அதுவே.

1. நூலின் வாதம்

1893ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, எவரும் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அச்சடித்துக்கொள்ளும் முறையை நிறுத்தியது. பின்னர் ரூபாயின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்த 'தங்க மாற்றுத் திட்டம்' உருவாயிற்று. புகழ்பெற்ற பொருளியலறிஞர் கேய்ன்ஸ் 1913இல் எழுதிய நூலில் இத்திட்டத்தைப் பாராட்டினார். அம்பேத்கரோ இதனை மறுத்தார். இத்திட்டம் நாணயம் வெளியிடுவோர் கையில் வரம்பற்ற அதிகாரத்தை ஒப்படைக்கிறது என்பதும், ரூபாயின் அயல்நாட்டு மாற்று விகிதத்தைவிட உள்நாட்டில் அதன் வாங்கும் ஆற்றல் நிலையாயிருப்பதே முதன்மையானது என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

ரூபாயின் மாற்று விகிதம் தாழ்ந்தால் ஏற்றுமதி வணிகர் பயனடைவர். ஆகவே நாடு பயனடையும் என்று அந்நாளில் பலர் வாதிட்டனர். அம்பேத்கர் இங்கேதான் நுணுகி நோக்குகிறார். விலைகள் முந்தி உயர்கின்றன; கூலி பின்தங்கி வருகிறது. ஆகவே வணிகர் பெறும் அந்த ஆதாயம் கூலிக்காரரின் வருவாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. 'நாடு' என்ற ஒரு சொல்லுக்குள் இரு வகுப்பார் இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

நூலில் குறையில்லை என்பதன்று. தங்கத்தின் மீது ஆசிரியர் வைத்த நம்பிக்கையைக் காலம் ஏற்கவில்லை. 1931இல் இங்கிலாந்தே தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. அவர் தந்த மருந்து பழையதாயிற்று. நோயை அவர் கண்டறிந்த முறை பழையதாகவில்லை. மேலும், ரிசர்வ் வங்கி இந்நூலினாலேயே பிறந்தது என்று மேடைகளில் கூறுவதும் பொருந்தாது. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தது உண்மை. ஆயினும் ஆணையம் பரிந்துரைத்த திட்டமும் அவர் வேண்டிய திட்டமும் ஒன்றல்ல. படிக்காமல் போற்றுவதும் ஒரு நூலை ஒதுக்கி வைக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

2. நூலாசிரியர் பெற்ற வரவேற்பு

1918ஆம் ஆண்டில் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தார். கொலம்பியாவில் பட்டம் பெற்றவர், இலண்டனில் பயின்றவர் என்ற தகுதிகள் யாவும் இருந்தும், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதைச் சக பேராசிரியர் சிலர் எதிர்த்தனர். அதே ஆண்டில்தான் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றிய தம் ஆய்வுரையை அவர் வெளியிட்டார். நிலம் சிறிதாயிருப்பது மட்டுமே கேடன்று. உழைக்க வல்லார்க்கு வேலையும் கருவியும் முதலும் இல்லாதிருப்பதே கேடு. ஆகவே தொழில்வளம் பெருக வேண்டும் என்பது அதன் கருத்து. தருமபுரி மாவட்டத்துச் சிறு விவசாயியின் நிலையை அறிந்தோர் இதன் உண்மையை மறுக்கமாட்டார்.

இதற்கு மாறானதோர் வரவேற்பையும் நோக்குவோம். 'ரூபாயின் பிரச்சினை'க்கு முன்னுரை எழுதியவர் இலண்டனில் அவருக்கு ஆசிரியராயிருந்த எட்வின் கேனன். தம் மாணவரின் வாதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அம்முன்னுரையிலேயே அவர் வெளிப்படையாகக் கூறுகிறார். எனினும் நூலின் புதுமையை மதிக்கிறார். வேற்றுக் குரலைத் துறைக்குள் வரவேற்பது என்றால் அதனோடு உடன்படுவது என்பதன்று. சமமாக அமரவைத்து எதிர்வாதம் செய்வதேயாம். சிடன்ஹாமில் மறுக்கப்பட்டது இச்சமத்துவமே.

3. துறை காணத் தவறியவை

ஒதுக்கப்படுவோர்க்கு மட்டுமே இதனால் இழப்பு என்று எண்ணலாகாது, அறிவுத்துறையும் இழக்கிறது. 1957இல் கேரி பெக்கர் என்ற அமெரிக்க அறிஞர், பாகுபாடு காட்டும் முதலாளி தாமே நட்டமடைவார் என்று கோட்பாடு வகுத்தார். அதிலிருந்து, சந்தைப் போட்டி காலப்போக்கில் பாகுபாட்டைக் கரைத்துவிடும் என்று பலர் முடிவு செய்தனர். ஆனால் இருபத்தோராண்டுகள் முன்னரே, 1936இல், 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் அம்பேத்கர், சாதி வேலைகளை மட்டுமன்றி வேலையாட்களையே பிரித்து வைக்கிறது என்றும், ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு மாறவிடாது வேலையின்மையைப் பெருக்குகிறது என்றும் காட்டியிருந்தார். வழக்கத்தை மீறுவோரைச் சமூகம் தண்டிப்பதால் சாதி நிலைத்து நிற்க இயலும் என்று ஜார்ஜ் ஆகர்லாஃப் விளக்கியது 1976இல்தான்.

2007இல் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிடுகையில், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. ஒதுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த பொருளியலறிஞர் தோரட் இவ்வினாவை எழுப்பியது தற்செயலன்று என்பதே நம் கருத்து.

நம் மாவட்டமும் இதற்குச் சான்று பகரும். 2012ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. பெங்களூர் முதலிய நகரங்களில் உழைத்துச் சேர்த்த பொருள்களே அன்று தீக்கிரையாயின. சந்தை அவர்களுக்கு வருவாயைத் தந்தது. அவ்வருவாயை ஊருக்குள் பாதுகாப்பாக வைத்திருக்கும் உரிமையைத் தரவில்லை. சந்தையே சாதியைக் கரைக்கும் என்ற பாடத்தை வகுப்பில் கற்பிப்போர் இந்நிகழ்ச்சிக்கு விடை கூறியாக வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு 1969 முதல் வழங்கப்படுகிறது. ஒரு பெண் அதனைப் பெற நாற்பதாண்டுகள் ஆயின. 2009இல் எலினார் ஆஸ்ட்ரமும், 2019இல் எஸ்தர் டுஃப்லோவும், 2023இல் கிளாடியா கோல்டினும் பெற்றனர். பெண்களின் ஊதியத்தையும் வேலையையும் இருநூறு ஆண்டுச் சான்றுகளிலிருந்து ஆராய்ந்தமைக்கே கோல்டின் பாராட்டப்பட்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

4. நமக்குரிய வினா

பிறப்பைக் கொண்டு ஓர் ஆய்வின் மெய்மையைத் தீர்மானிக்கலாகாது என்ற எதிர்ப்பு நேர்மையானதே. அம்பேத்கரின் தங்கக் கொள்கையை அவர் பிறப்பின் பொருட்டு நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மெய்மையைச் சோதிக்க வேண்டுமாயின், முதலில் வினா எழுப்பப்பட வேண்டும். சிலரை வாயிலிலேயே நிறுத்திவிட்டால் சில வினாக்கள் எழுவதேயில்லை.

இறையியல் துறையும் இதற்கு விலக்கன்று. 1980களில் அர்விந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலுக்கு வழி திறக்கும்வரை, சபையாரில் மிகப் பெரும்பான்மையோரின் அனுபவம் நம் இறையியல் வகுப்பறைகளில் பாடப்பொருளாகவில்லை. திராட்சைத் தோட்ட உவமையில், கடைவீதியில் மாலைவரை நின்றவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்டார். தங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்ற விடை கிடைத்தது. கேட்டதனாலேயே அவ்விடை கிடைத்தது.

ஆகவே, சமூகப் பகுப்பாய்வு கற்பிக்கும் நம் இறையியல் கல்லூரிகள் அம்பேத்கரைச் சாதி எதிர்ப்பாளராக மட்டுமன்றிப் பொருளியலறிஞராகவும் பாடத்திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். 1918ஆம் ஆண்டு ஆய்வுரையிலிருந்து தொடங்கலாம். அது சிறியது, கிராம ஆயர் எவரும் விளங்கிக்கொள்ளத்தக்கது. அதனைப் படித்துவிட்டுத் தத்தம் சபையில் நிலமுள்ளோர் எத்தனை பேர், வெளியூர் செல்வோர் எத்தனை பேர், திரும்பி வந்து வீடு கட்டுவோர் அச்சமின்றி வாழ்கின்றனரா என்று கணக்கெடுப்பது நம் மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாக அமையும்.