பயணத்தை முடிவு செய்தது யார்? – குடிப்பெயர்வுக் கோட்பாடுகளும் மலையகமும்

உயர்தர வகுப்பில் புவியியல் எடுக்கும் நம் பிள்ளைகள் குடிப்பெயர்வுப் பாடத்தை எப்படி எழுதுகிறார்கள் என்று விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும். தள்ளுகாரணி நான்கு, இழுகாரணி நான்கு, உதாரணத்துக்கு மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்கா. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் இருந்துகொண்டு மெக்சிக்கோவைத் தேடிப் போவானேன்? இந்தப் பாடத்தின் கோட்பாடுகளை உரசிப் பார்க்க நம் மலைகளைவிட நல்ல இடம் உலகத்தில் அதிகமில்லை. அப்படி உரசும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: புறப்படும் முடிவை எடுத்தது யார்?

இத்துறையின் மூத்தவர் ராவன்ஸ்டைன். பிரித்தானியக் குடிசன மதிப்பீட்டுத் தரவுகளை வைத்து 1885இலும் 1889இலும் அவர் எழுதிய 'விதிகள்' இன்றும் பாடப்புத்தகத்தில் நிற்கின்றன. பெரும்பாலோர் குறுந்தூரமே போவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறுந்தூரப் பெயர்வில் பெண்களே அதிகம். தமிழகத்திலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வந்த கோப்பிக் காலத்துக்கு இதில் இரண்டாவது விதி கச்சிதமாகப் பொருந்துகிறது. அறுவடைக்கு வந்த ஆண்கள் அது முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைக் கிள்ளப் பெண்களின் கைகள் வேண்டும். பருவத்துக்கு வந்துபோன கூட்டம் குடும்பமாக வந்து தங்கியது. எதிரோட்டம் மெலிந்தது, பெண்கள் நெடுந்தூரம் வந்தார்கள். ஒரு பயிர் மாறியதில் ராவன்ஸ்டைனின் இரண்டு விதிகள் ஆட்டங்கண்டன.

எவரெட் லீ 1966இல் வகுத்த சட்டகம் இதைவிட விரிவானது. புறப்படும் இடம், சேரும் இடம், நடுவே தடைகள், ஆளுக்காள் வேறுபடும் நிலைமை என நான்கு கூறுகள். தள்ளுகாரணிக்கு 1876–78 சென்னை மாகாணப் பஞ்சம் ஒன்றே போதும். தடைகளுக்கும் குறைவில்லை: பாக்கு நீரிணை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையான காட்டுப்பாதை, வாந்திபேதி, மலைக்காய்ச்சல். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்த 'மலையகம் 200' நினைவாக அதே தலைமன்னார்–மாத்தளை வழியை நடந்தவர்கள் தார்ச்சாலையில்தான் நடந்தார்கள். அதுவே எளிதாக இருக்கவில்லை. ஆனால் லீயின் சட்டகத்தில், நன்மை தீமைகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் ஒரு தனியாள் இருக்கிறான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமத்தில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் முற்பணம் வாங்கியவனை அந்த இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் இங்கே காரணிகளைவிடக் கங்காணி முக்கியம். மக்டொனால்ட் தம்பதியர் 1964இல் விளக்கிய சங்கிலிப் பெயர்வு, முன்னே போனவர் உறவினரை அழைத்துக்கொள்ளும் முறை. கங்காணி முறையும் வெளிப்பார்வைக்கு அதுதான்: தன் ஊராரை, தன் சாதியாரை, சொந்தக்காரரைச் சேர்த்துக் கொண்டுவருவது. அதனால்தான் ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்தார் கூடினார்கள். ஊர்ச் சாமியும் சாதி வரிசையும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்து சேர்ந்தன. வித்தியாசம் கடனில் இருந்தது. வழிச்செலவு, கம்பளி, சாப்பாடு எல்லாம் தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டது. பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகர முடியும். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழிக்கும்வரை, தோட்டம் விட்டுத் தோட்டம் போவதுகூட ஒரு கொடுக்கல் வாங்கலாகவே நடந்தது. ஹியூ டிங்கர் 1974இல் இந்தியத் தொழிலாளர் பெயர்வைப் புதிய அடிமை முறை என்றார். மலையகத்துக்கு அது கொஞ்சம் மிகை என்று வாதிடுவோர் உண்டு; இங்கே ஒப்பந்தக்கூலி முறை இல்லை என்பது அவர்கள் ஆதாரம். ஒப்பந்தம் இல்லைதான். கடன் இருந்ததே!

மால்தஸ் பள்ளியை நீட்ட வேண்டியதில்லை. பஞ்சத்துக்குக் காரணம் பெருகிய மக்கள் என்று அது சொல்லும். பஞ்ச காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியதை அது சொல்லாது. குடித்தொகை நிலைமாற்ற மாதிரி அதைவிடப் பயனுள்ளது. வொரன் தொம்சன் 1929இல் தொடங்கி நோட்ஸ்டைன் 1945இல் செப்பனிட்ட அந்த வரைபடத்தில் இறப்பு வீதம் ஒருமுறை இறங்கினால் ஏறுவதில்லை. 1973–74இல் தோட்டங்களில் ஏறியது. மாவும் அரிசியும் கிடைக்காத அந்நாட்களில் தோட்டத்துறையின் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. நாட்டின் சராசரிக் கோட்டுக்குள் மறைந்து இன்னொரு கோடு மேலே போனதை மாதிரி காட்டாது. அப்போதுதான் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கினார்கள். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல் இன்னும் பலரை அங்கே தள்ளியது.

சராசரியின் குறும்புக்கு அடர்த்தியும் சாட்சி. 2012இல் நுவரெலியா மாவட்டத்தின் குடித்தொகை ஏழு இலட்சத்துச் சொச்சம். சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 400 பேர். ஹோட்டன் சமவெளியையும் காட்டையும் தேயிலை மலையையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் நெருக்கடி அந்த எண்ணில் எங்கே இருக்கிறது?

நம் வரலாற்றில் எல்லாக் கோட்பாட்டையும் பின்னுக்குத் தள்ளும் கட்டம் 1948க்குப் பிறகு வருவது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தோடு, இங்கேயே பிறந்தவர்களும் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தியா ஏழு பேரை ஏற்றுக்கொண்டால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை கொடுக்கும் என்று விகிதமும் வைத்திருந்தார்கள். ஆள் யாரென்று தெரியுமுன்பே தொகை தீர்மானமாகிவிட்டது. எந்தத் தள்ளுகாரணிப் பட்டியலில் இதை எழுதுவது?

பிறந்த இடமே குடிப்பெயர்வை அளக்கும் முதல் அளவுகோல் என்கிறது பாடம். அந்த அளவுகோலின்படி, பொகவந்தலாவையில் பிறந்து கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் அனுப்பப்பட்டவர் பிறந்த நாட்டை விட்டு வெளியேறியவர். கோப்புகளோ அவரைத் தாயகம் திரும்பியவர் என்று பதிந்தன. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தும் போகாதவர்கள் தோட்டங்களில் இருந்தார்கள். மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. 1971இல் 11 இலட்சத்தைத் தாண்டியிருந்த 'இந்தியத் தமிழர்' தொகை 1981இல் எட்டு இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியதில் கப்பலுக்கும் பங்குண்டு, மதிப்பீட்டுப் படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களுக்கும் பங்குண்டு. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே இறக்கமாகவே தெரியும்.

இன்றைய பெயர்வு வேறு வகை. மஸ்கெலியாவிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மத்திய கிழக்கு வீடுகளுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். தீபாவளிக்கும் தோட்டத் திருவிழாவுக்கும் வருகிறார்கள். ராவன்ஸ்டைன் மறுபடி பொருந்துகிறார் என்று மகிழலாம். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது ஸ்டார்க்கும் புளூமும் 1985இல் முன்வைத்த பார்வை: முடிவெடுப்பது தனியாள் அல்ல, குடும்பம், ஒருவரை அனுப்பி, ஒருவரை நிறுத்தி, ஆபத்தைப் பகிர்ந்துகொள்கிறது. லயத்து வீடு தோட்ட வேலையோடு கட்டப்பட்டிருப்பதால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும் என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. அநேகமாக அந்த ஒருவர் தாய். மகன் கொழும்பில், மகள் குவைத்தில், அம்மா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில். இங்கே முடிவு குடும்பத்தினுடையதுதான். ஆனால் யார் போகலாம், யார் நிற்க வேண்டும் என்பதில் பாதியை அந்தக் காம்பிராவின் உரித்து இன்னமும் தோட்ட நிர்வாகத்திடம் இருப்பது தீர்மானிக்கிறது.